ஒளிக்கோடுகள் உரைக்கும் உடுக்களின் பிறப்பு

முன்னேஸ்வரத்துக்கு வடக்கே புத்தளத்து உப்பளங்களை நம் மாணவர் யாவரும் அறிவர். அவ்வுப்பிற் சிறிதெடுத்து நெருப்பிலிட்டால் சுவாலை மஞ்சள் நிறங்கொள்ளும். அவ்வொளியை நிறமாலைகாட்டியினூடாக நோக்கின், 589 நனோமீற்றர் அளவில் இரண்டு கோடுகள் அடுத்தடுத்துத் துலங்கும். அவை உப்பிலுள்ள சோடியத்துக்கே உரியன. இவ்வாறே மூலகம் ஒவ்வொன்றும் தனக்கெனக் கோடுகளை உடையது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில், பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் சூரிய விளிம்பில் எழுந்த சுவாலைகளின் ஒளிக்கோடுகளைக் கண்டு, அவை பெரிதும் ஐதரசனாலானவை எனத் தெளிந்தார்.

இக்கோடுகள் உடுக்களின் பிறப்பை எங்ஙனம் உரைக்கின்றன எனக் காண்போம். பேருடுக்கள் மிக்க வெப்பமுடையன. புறஊதாக் கதிர்களைச் சொரிவன. அக்கதிர்கள் சூழவுள்ள ஐதரசன் அணுக்களினின்று இலத்திரன்களைப் பிரித்துவிடும். பிரிந்தவை மீண்டும் சேருங்கால் 656.3 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளி தோன்றும். பேருடுக்கள் சில மில்லியன் ஆண்டுகளே வாழ்வன. ஆகவே, உடுக்கள் கோடிக்கணக்கிற் குழுமிய ஓர் உடுமண்டலத்தில் இச்செங்கோடு துலங்கின், அங்கே உடுக்கள் அண்மையிற் பிறந்துள்ளன என்பது பெறப்படும். கோட்டின் பிரகாசத்தைக்கொண்டு பிறப்பின் வேகத்தையும் கணிக்கலாம். தூசு மறைக்கும் ஒளிக்கும் அக்கணக்கில் இடந்தரல் வேண்டும்.

விரியும் அண்டத்தினூடே வரும் ஒளியின் அலைநீளமும் விரிகின்றது. அது எத்துணை நீண்டதென அறியின், ஒளி புறப்பட்ட காலம் தெரியவரும். ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உடுப்பிறப்பு உச்சம் பெற்றிருந்ததென்றும், இன்று அதிற் பத்திலொரு பங்களவாகக் குறைந்துள்ளதென்றும் இத்தகைய அளவீடுகளால் அறிந்துள்ளோம்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. ஆதி அண்டத்தை நிறைத்திருந்த ஐதரசன் அணுக்களைப் பிளந்தது எது? முதல் உடுமண்டலங்களின் புறஊதாக் கதிரே எனின், அது அவற்றின் சொந்த வாயுப் போர்வையைக் கடந்து வெளியேறியிருத்தல் வேண்டும். 2015இல் ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்திரோசாற் செய்மதி இவ்வினாவுக்கு உதவியது. 37.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அதன் தொலைநோக்கியால், பூனாவைச் சேர்ந்த கனக் சாகாவின் குழுவினர், 930 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் உடுமண்டலத்தினின்று புறப்பட்ட அத்தகைய கதிரைக் கண்டு 2020இல் வெளியிட்டனர். அங்கே தோன்றிய கதிரில் ஐந்திலொரு பங்கேனும் வெளியேறியிருந்தது. அதனினும் முற்பட்ட மண்டலங்களும் இவ்வாறே ஒளி உகுத்தனவா என்பது இன்னும் முடிந்த முடிபன்று.

மாணவர் தாமே ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். அம்மண்டலத்தின் ஒளி 2.42 மடங்கு நீண்டு நம்மை அடைந்தது. எனின், 656.3 நனோமீற்றர்ச் செங்கோடு எவ்வளவாகும்? 1,588 என விடை வரும். கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிராக அது மாறிவிட்டது. ஆதியை ஆராயுங் கருவிகள் செங்கீழ்க் கதிரை நாடுவதன் காரணம் இதனால் விளங்கும்.