கழல மறுக்கும் கூம்பு

பூட்டுவது எளிது, கழற்றுவதே கடினம். பழைய ஊர்திகளைப் பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்த உண்மை இது. இதற்கு அடிப்படையாக உள்ள அறிவியலோ, பள்ளியில் நாம் அனைவரும் படித்த சாய்தளமும் உராய்வுமேயாகும். ஏட்டில் படித்த அக்கணக்கு பட்டறையில் எவ்வாறு உயிர்பெறுகின்றது என்பதை மாணவ நண்பர்களுக்கு எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பெங்களூரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டியுள்ளது பீன்யாத் தொழிற்பேட்டை. 1953-இல் நிறுவப்பெற்ற எச்.எம்.டி. நிறுவனம் கடைசல் பொறிகளை ஆக்கிய ஜாலஹள்ளி இதற்கு அருகில்தான் இருக்கின்றது. 2014 முதல் மெட்ரோ இரயிலும் பீன்யாவுக்குச் செல்கின்றது. தமிழகத்திலிருந்து பிழைப்புக்காக வந்தோர் பலர் இங்குள்ள பட்டறைகளில் உழைக்கின்றனர். பொருளறிவியல் பயிலும் முதுகலை மாணவனாகிய நான், விடுமுறை நாள்களில் இங்கு ஒரு சிறு பட்டறைக்குச் செல்வதுண்டு. வேலூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் பழைய ஜீப்புகளின் ‘டிராப் ஆர்ம்’ என்னும் உறுப்பைக் கழற்றும் முறையை அங்கேதான் கற்றேன்.

டிராப் ஆர்ம் என்பது யாது?

மகிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கிற்று. அவ்வழியில் வந்த பழைய ஜீப்புகள் இன்னும் மலைத்தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் ஓடுகின்றன. இவற்றில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ஒரு தண்டு வெளியே நீண்டிருக்கும். அதன் முனை கூம்பாகச் சிறுத்து, நீளவாக்கில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அம்முனையில் ஓர் எஃகுக் கை மாட்டப்பட்டு, மரையால் இறுக்கப்பட்டிருக்கும். அக்கையே டிராப் ஆர்ம். ஓட்டுநர் வட்டைத் திருப்பத் தண்டு திரும்பும். தண்டு திரும்பக் கை ஆடும். கை ஆட முன்சக்கரங்கள் திரும்பும். இக்கை முறிந்தால் வட்டு ஓட்டுநரிடம் இருக்கும். வண்டி அவர் சொற்படி கேளாது. எனவே இதைக் கழற்றும்போது செய்யும் தவறு, பின்னொரு நாள் மலைச்சாலை வளைவில் உயிரையே கேட்கக்கூடும்.

பெட்டியின் ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலோ, உள்ளுறுப்புகள் தேய்ந்தாலோ இக்கையைக் கழற்றியே ஆக வேண்டும். மரையை நீக்கிய பின்னும் கை அசையாது. ஏன்?

கூம்பின் கணக்கு

கூம்பு என்பது சுற்றிச் சுருட்டிய ஆப்பே. எட்டு மில்லிமீட்டர் நீளத்திற்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பருக்கும் ஒரு கூம்பை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கச் சாய்வு பதினாறில் ஒரு பங்கு. அதாவது ஏறக்குறைய 3.6 பாகை. உலர்ந்த எஃகின்மேல் எஃகு வழுக்குவதற்கான உராய்வுக் கெழுவை 0.15 என்று கொண்டால், உராய்வுக் கோணம் 8.5 பாகையாகும். சாய்வு உராய்வுக் கோணத்தினும் குறைந்திருக்கும்வரை, பலகைமேல் வைத்த கல் போலக் கூம்பும் தானாக வழுக்காது. எண்ணெய் விட்டு உராய்வுக் கெழுவை 0.10 ஆகக் குறைப்பினும் கோணம் 5.7 பாகை, அப்போதும் பிடி விடாது. எண்ணெய் மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருப்போர் ஏமாறுவதன் காரணம் இதுவே.

எனினும் எண்ணெய் வீணன்று. இரும்பு துருவாக மாறுகையில், முன்னிருந்த இடத்தைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் இடம் கேட்கும். இடுக்கில் பிறந்த துரு இரண்டாவது ஆப்பாக நின்று இறுக்கும். முதல்நாள் மாலையே விட்ட எண்ணெய் அத்துருவினூடே ஊறி வழி செய்யும்.

இதே தத்துவத்தைக் கடைசல் பொறியிலும் காணலாம். 1860களில் மோர்ஸ் என்னும் அமெரிக்கர் வகுத்த கூம்பு, ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று என்னும் அளவில் பருப்பது. துளையிடும் கருவியை மரையின்றியே பற்றிக்கொள்ளும். அதைக் கழற்றப் பக்கத்துத் துளையில் ஓர் ஆப்பைச் செருகித் தட்டுவர். ஜீப்பின் கையில் அத்தகைய துளை இல்லை. ஆதலால் ‘புல்லர்’ வேண்டும்.

கழற்றும் முறை

சக்கரங்களுக்கு அடைகொடுத்து, வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்துக. தண்டின் முனையிலும் கையிலும் சேர்த்து ஒரே கோடாக அடையாளம் இடுக. தண்டில் 36 பற்கள் இருப்பின், ஒரு பல் மாறி மாட்டினாலும் கை 10 பாகை விலகி நிற்கும்.

மரையை முற்றிலும் கழற்றாது, இரண்டு சுற்று தளர்த்தி விடுக. கூம்பு விடுபடும்போது வெடியோசையுடன் துள்ளும். மரை அதைத் தடுத்து நிறுத்தும். பின்னர்ப் புல்லரின் கொக்கிகளைக் கையின் பின்புறம் மாட்டி, நடுத்திருகைத் தண்டின் மையத்தில் வைத்து இறுக்குக. அரைமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 20 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், 20 மில்லிமீட்டர் திருகு உராய்வில் போனது போக ஏறக்குறைய இரண்டரை டன் இழுவிசை தரும். அப்போது முகத்தைத் திருகின் நேரே வைத்தலாகாது.

இவ்வாறு இழுவிசை நிற்கும்போதே, கையின் கண்ணை, அதாவது துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டுக. எஃகுக்கு மீள்தன்மை உண்டு. அடிபட்ட நொடியில் கண் சற்றே நீள்வட்டமாகி மீளும். அந்நொடியில் உராய்வின் பிடி நழுவும். மாறாகத் தண்டின் முனையில் அடிப்போர் ஆப்பசைத்த குரங்கின் கதைக்கு ஆளாவர். அவ்வடி பெட்டிக்குள்ளிருக்கும் பேரிங்குகளைத் தாக்கும், மரைப்புரியையும் நசுக்கும்.

இதற்கும் இணங்காவிடில் வெப்பம் துணைசெய்யும். 30 மில்லிமீட்டர் துளையை 100 பாகை செல்சியஸ் சூடேற்றினால் அது 0.036 மில்லிமீட்டர் விரியும். மயிரிழையினும் குறைந்த அவ்வளவே போதும். ஆனால் கண்ணை மட்டும் விரைந்து சூடேற்ற வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் தண்டும் உடன் விரியும். ஆயில் சீலும் கருகும். செந்நிறம் ஏறும்வரை காய்ச்சிய கையை மீண்டும் பூட்டவே கூடாது. தண்ணீரில் தோய்த்துக் குளிர்வித்தால் அது நொறுங்குந்தன்மை பெறும்.

இறுதிச் சோதனை

கழன்றுவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. அடிபட்ட கையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும். கையைத் துடைத்து, மண்ணெண்ணெயில் சற்று ஊறவிட்டு, மீண்டும் நன்கு துடைத்துச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுக. வெடிப்பு இருப்பின், அதனுள் நின்ற எண்ணெய் கசிந்து வெண்தூளில் கருங்கோடு வரையும். அக்கோட்டைக் கண்டால் அக்கையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். பற்றவைத்துப் பூட்டலாம் என்று எண்ணுதல் கூடாது. விலை சில நூறு மிச்சமாகும் என்று பார்ப்போர், எதை அடகு வைக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான் சந்தித்த மேஸ்திரி உராய்வுக் கோணம் என்னும் சொல்லை அறியார். ஆயினும் சுத்தியலை எத்திசையில் வீச வேண்டும் என்பதை அறிவார். நாம் அச்சொல்லை அறிவோம், சுத்தியலை அறியோம். விசையின் அளவினும் அதன் திசையே பெரிது என்பதை இருவரும் ஒன்றுகூடினால்தான் முழுமையாக உணர முடியும். பட்டறைகள் நம் விடுதிகளுக்கு அருகிலேயே இருக்கின்றன. அங்குள்ளோர் பேசுவதும் நம் மொழியே. ஏட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் அங்குச் சென்று பாருங்கள், நண்பர்களே!