பூர்வீக வீட்டை விற்கும்போது பக்கத்து வீட்டார் மறித்தால்

குன்னம் பக்கமோ செந்துறை பக்கமோ, அப்பா கட்டிய ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு மகன் திருச்சியில், இன்னொருவர் துபாயில், மகள் சென்னையில். விற்கலாம் என்ற பேச்சு எழுந்ததுமே பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்: “எங்களக் கேக்காம வெளியாளுக்கு எப்படிக் குடுப்பீங்க?” வீடு பார்க்க வருகிறவரைத் தெருமுனையிலேயே நிறுத்தி, “அது வில்லங்கமான வீடுங்க, இன்னும் பாகம் பிரியல” என்று ஓதி அனுப்பிவிடுவார்கள். வேறு ஆளே வராமல் போனால் அடிமாட்டு விலைக்குத் தாங்களே முடித்துக்கொள்ளலாம் என்ற கணக்குதான் பெரும்பாலும் இதன் பின்னால் இருக்கும்.

பக்கத்தில் குடியிருப்பதாலேயே யாருக்கும் வாங்குவதில் முதல் உரிமை வந்துவிடாது. இது நேற்று வந்த சட்டமல்ல. இஸ்லாமியச் சட்டத்தில் அண்டை வீட்டாருக்கு அப்படியொரு உரிமை உண்டு. சென்னை மாகாணத்தில் அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1870-லேயே சொல்லிவிட்டது. ஆகவே லப்பைக்குடிக்காட்டு வீடானாலும் ஜெயங்கொண்டத்து வீடானாலும் பதில் ஒன்றே. பிற மாநிலங்களில் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்த அண்டை வீட்டார் முன்னுரிமையை, அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1962-ல் பாவு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

உடன்பிறந்தவர் கதை வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, ஒரு வாரிசு தன் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்கப் போனால், மற்ற முதல்நிலை வாரிசுகள் அதைத் தாங்களே வாங்கிக்கொள்ள முன்னுரிமை கேட்கலாம். மறிக்க நினைக்கும் பக்கத்து வீட்டார் தேடுவதும் இந்த ஓட்டையைத்தான். கையெழுத்துப் போடாத ஒரு தங்கையோ, மனக்கசப்பில் இருக்கும் ஓர் அண்ணனோ கிடைத்தால் போதும், அவர் வழியாக வழக்கு வந்துவிடும்.

அதனால் புரோக்கரைத் தேடுவதற்கு முன் வீட்டுக்குள் இருக்கும் வேலையை முடிக்க வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதில் பெயர் உள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; இல்லையென்றால் விட்டுக்கொடுப்பவர்கள் விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதும் பழைய வழக்கம் ஆபத்து. தமிழ்நாட்டில் 1989 திருத்தமும், நாடு முழுக்க 2005 திருத்தமும் பிதுரார்ஜித சொத்தில் மகளைப் பங்காளியாக்கியிருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்திவிட வேண்டும்.

கூடவே மூலப்பத்திரம், பட்டா, நீண்ட கால வில்லங்கச் சான்று மூன்றையும் ஒரே கோப்பில் வைப்பது நல்லது. ஊருக்குள் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் நத்தம் இடங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை முதலில் மாற்றிக்கொள்ளலாம். வாங்க வந்தவர் மேசையில் இந்தக் கோப்பைப் பிரித்து வைத்துவிட்டால் தெருமுனைப் பேச்சு பாதி அடங்கிவிடும்.

அடுத்தது எல்லை. பத்திரத்தில் எழுதிய நான்கெல்லையும் தரையில் இருக்கும் சுவரும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. இணையத்திலோ இ-சேவை மையத்திலோ அளவைக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டினால் அரசு சர்வேயர் வருவார், பக்கத்து இடத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்து அளப்பார். தனியார் ஆளை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு பிடிப்பது சண்டையை வளர்க்கத்தான் உதவும். அளந்த அன்றே கல் நட்டுப் படம் எடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

இங்கே ஒரு நேர்மையும் தேவை. பக்கத்து வீட்டார் சொல்வதெல்லாம் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பொதுச்சுவர், கொல்லைக்குப் போகும் நடைபாதை, ஓட்டுத் தண்ணீர் விழும் இடம் ஆகியவற்றில் அவர்களுக்கு உண்மையிலேயே உரிமை இருக்கக்கூடும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையாகப் பயன்படுத்திய பாதையில் நடக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும். அப்படி இருந்தால் மறைக்கக் கூடாது. உரிமையில் உள்ள குறையை வாங்குபவரிடம் சொல்வது விற்பவரின் சட்டக் கடமை. பாதையை அளவோடு பத்திரத்திலேயே எழுதிவிட்டால் நியாயமான அண்டை வீட்டார் பலர் அதோடு சமாதானமாகிவிடுவார்கள்.

சமாதானமாகாதவர் இரண்டு இடங்களுக்குப் போவார். ஒன்று, பத்திர ஆபீஸ். அங்கே ஆட்சேப மனு கொடுத்துப் பதிவை நிறுத்தப் பார்ப்பார். சொத்து யாருடையது என்று தீர்மானிக்கும் வேலை சார்பதிவாளருடையது அல்ல என்பதை, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிசெய்தது. நீதிமன்றத் தடையாணை இல்லாத வெறும் ஆட்சேபத்துக்காகப் பதிவை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்று, முன்சீப் கோர்ட். மறுதரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கப் பார்ப்பார். விற்பனைப் பேச்சு சூடுபிடிக்கும்போதே ஒரு கேவியட் மனு போட்டுவைத்தால், நோட்டீஸ் தராமல் அப்படிப்பட்ட உத்தரவு வராது. அதன் ஆயுள் 90 நாள். பேரம் இழுத்தால் புதுப்பிக்க வேண்டும். வழக்கு வந்த பிறகும் விற்கலாம்தான், ஆனால் வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் துணிந்து யாரும் பணம் போடமாட்டார்கள்.

வாங்க வருபவரை மிரட்டுவது, பூட்டை உடைப்பது, பாதையில் கல்லைக் கொட்டுவது என்று போனால் அது எல்லைத் தகராறு இல்லை, குற்றம். “சிவில் மேட்டர்” என்று காவல் நிலையத்தில் கைவிரிக்கப் பார்ப்பார்கள். தேதி, நேரம், சாட்சி, கைப்பேசிப் படத்தோடு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். பதிலுக்குச் சண்டை போட்டால் எதிர்ப் புகார் வரும், விலையும் இறங்கும்.

வக்கீலுக்குச் செலவழிக்கும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தனித்தனியாக இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் எழுதிக் கையெழுத்தான சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.