கழிவுநீருக்கு ஒரு குழி

பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் தெருவில் தேங்கினால் கொசுவுக்குக் கொண்டாட்டம். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு, நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் இருக்கும் ஓர் உறிஞ்சுகுழி போதும். அடியில் பெரிய கற்கள், நடுவில் செங்கல் துண்டு, மேலே ஜல்லி. குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள்.

குழியை விட முக்கியம், அதற்கு முன்னால் வைக்கும் வடிகட்டி. அடியில் துளையிட்ட பழைய மண்பானையில் தேங்காய் நாரைத் திணித்தாலே போதும். பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதில் தங்கிவிடும். ஒரு வாரத்தில் நார் கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிடும், மாற்றுங்கள். இதைச் சோம்பலில் விட்டால்தான் நல்ல குழிகூட அடைத்துக்கொள்கிறது.

களிமண் பூமியா? ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நின்றால் அங்கே உறிஞ்சுகுழி வேண்டாம். வாழை, சேம்பு, கல்வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள்.

கழிப்பறைத் தண்ணீரை உறிஞ்சுகுழியிலோ பாத்தியிலோ கலக்கவே கூடாது. அதற்கு இரட்டைக்குழிதான் சரி. ஒன்று நிரம்பினால் மற்றதற்கு மாற்றி, மூடிய தேதியைச் சுவரில் பெயின்டால் எழுதுங்கள். 2 ஆண்டு கழித்துத் திறந்தால் நாற்றமில்லாத எரு.

செப்டிக் டேங்க் இருக்கிறதா? 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே விஷவாயு இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.