பெயர் வழிந்து கிலோ கெட்ட கணக்கு



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் சொந்தங்கள் நிறையப் பேர். 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் நடக்கிறது. வவுனியா வளாகமும் 2021ல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. கணினிப் பாடம் நம் குடும்பங்களுக்குள்ளும் வந்துவிட்டது என்று சொல்லத்தான் இது.

போன லீவில் கிளிநொச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். அங்கே ஒரு பிள்ளை 'சி' மொழிப் பயிற்சியில் சிக்கிக்கொண்டிருந்தது. பாட்டியின் செக்றோல் ஞாபகத்தில், கொழுந்து எடுத்தவர் பெயரையும் கிலோவையும் ஒரு 'ஸ்ட்ரக்ட்'டில் வைத்திருந்தது. ஸ்ட்ரக்ட் என்பது செக்றோலின் ஒரு வரி மாதிரித்தான். பெயருக்கு ஒரு கட்டம், கிலோவுக்கு ஒரு கட்டம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

18.5 கிலோ போட்டால் திரையில் ஏதோ கண்டபடி எண் வந்தது. முதல் பிழை லேசானது. அச்சிடும் 'பிரின்ட்எஃப்' வரியில் சதவீதக் குறியோடு 'டி' போட்டிருந்தது. அது முழு எண்ணுக்குரியது. தசம எண்ணுக்கு 'எஃப்' போட வேண்டும். குறிக்கும் 'எஃப்'புக்கும் நடுவே புள்ளி ஒன்று என்று எழுதினால் 18.5 என்று அழகாக வரும்.

மாற்றியும் சரிவரவில்லை. ஆங்கிலத்தில் பெயர் கொடுத்தால் சரி, 'மாரியம்மா' என்று தமிழில் கொடுத்தால் கிலோ கெட்டுப்போகிறது! பெயருக்குப் பிள்ளை ஒதுக்கியது 10 பைட். ஆங்கிலத்தில் 8 எழுத்து, முடிவைக் காட்டும் சுழியம் ஒன்று, ஆக 9. அடங்கிவிடும். தமிழில் நம் கண்ணுக்கு 5 எழுத்துதான். கணினியோ காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். 'மா' என்றால் 'ம' ஒன்று, கால் ஒன்று. அப்படி 9 குறி, 'யுடிஎஃப்-8' முறையில் குறிக்கு 3 பைட், 27. சுழியத்தோடு 28. மிச்சம் பக்கத்துக் கட்டத்தில் வழிந்து, முதலில் பதிந்த கிலோவை அழித்துவிட்டது. கிலோவைப் பிறகு பதிந்திருந்தால் பெயர் கெட்டிருக்கும். சில கணினியில் நிரல் நின்றே போகும்.

"பேசாம இங்கிலீஸ்லயே பேர எழுதிடவா?" என்று பிள்ளை கேட்டது. வேண்டாம் என்றோம். பெயரை ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதிவைத்து, சேமலாப நிதி எடுக்கும்போது அலைகிறவர்களை நாம் பார்க்கிறோமே.

பெயருக்கு 100 பைட் ஒதுக்கியதும் கிலோ சரியாக வந்தது. 'எஸ்என்பிரின்ட்எஃப்' கொண்டு பெயரைப் பதிந்தால் அளவுக்கு மேல் வழியாது. ஆனால் நீண்ட பெயர் நடுவில் வெட்டுப்படலாம், அதையும் பார்க்க வேண்டும். நிரல் மட்டும் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது. பிரின்ட்எஃப் இடைவெளியையும் பைட் கணக்கில்தான் அளக்கிறது. அதற்குப் பிள்ளை கிலோவை முன்னால் போட்டு, பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளிவிட்டது.