ஆளுக்கொரு இலக்கம்: தோட்டத்துப் பூர்வீகமும் எக்செல்லும்

பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் பூர்வீகம் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது ஒரு பெரிய சார்ட் தாள். உச்சியில் கடல் கடந்து வந்த பாட்டன், கீழே கிளைகள். மூன்றாம் தலைமுறையிலேயே படம் சிக்கிக்கொள்ளும்.

காரணம் முறைக் கல்யாணம். அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு அப்பாவின் அக்காள் அத்தையும் ஆவாள், அம்மாச்சியும் ஆவாள். அவளை எந்தத் தலைமுறையில் எழுதுவது? மரம் வரைகிறவருக்கு இது தலைவலி. விரிதாளுக்கு இல்லை. ஆளுக்கு ஒரு நிரை, ஒரு இலக்கம். பக்கத்தில் அப்பாவின் இலக்கம், அம்மாவின் இலக்கம். அவ்வளவு போதும்.

பெயரை வைத்து மட்டும் உறவை இணைக்கவே கூடாது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே லயத்தில் மூன்று முத்துசாமி இருப்பார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் வேறு எழுத்து. பத்திரத்தில் உள்ளபடியே ஒரு நிரலிலும், வீட்டில் கூப்பிடும் பெயரை இன்னொன்றிலும் போடுவதே நல்லது. திருத்தி எழுதினால் தடயம் போய்விடும்.

அடுத்த வம்பு திகதி. 1900 ஜனவரி 1க்கு முந்திய நாளை எக்செல் திகதியாகவே ஏற்காது. (வராத 1900 பெப்ரவரி 29 வந்ததாக மட்டும் நம்பும்.) ஆகவே ஆண்டு, மாதம், நாள் மூன்றும் தனித்தனி நிரல். அதுவும் பெரியவர்கள் ஆண்டா சொல்கிறார்கள்? "தாது வருசப் பஞ்சத்துல வந்தாக" என்பார்கள். அது 1876-78 பஞ்சம். வெறுமனே "தாது வருசம்" என்றால் 1936 ஆகவும் இருக்கலாம். "பதுளைக்கு ரயில் வந்த பிறகு பிறந்தவன்" என்றால் 1924க்கு முன் இல்லை. 'இதற்கு முன் இல்லை', 'இதற்குப் பின் இல்லை' என்று இரண்டு நிரல் வைத்தால் இந்தப் பேச்சும் கணக்குக்குள் வந்துவிடும்.

பிறகு தாயின் பிறந்த ஆண்டைப் பிள்ளையின் ஆண்டிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்த தாள்களில் அதிகம் பிழை பிடித்தது இந்தக் கழித்தல்தான். விடை 11 என்று வந்தால் ஆண்டு தப்பு, அல்லது அவள் பெற்ற தாயே அல்ல. பிரசவத்தில் இறந்த அக்காளின் இடத்துக்கு வந்த தங்கையாக இருக்கலாம்.

மலையகக் குடும்பத்துக்கென்றே இன்னொரு நிரல் உண்டு: பிரஜாவுரிமை. 1948 சட்டம் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, கல்யாணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருந்தால் அதுதான் தங்கச் சுரங்கம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. இந்த நிரலை வடிகட்டினால் அண்ணன் தெமோதரையிலும் தம்பி கூடலூரிலும் நிற்பது ஒரே பார்வையில் தெரியும்.

கூடலூர், கோத்தகிரிச் சொந்தங்களுக்குத் தாளை அனுப்பிக் கேட்கலாம்; தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையில் யார் யார் போனார்கள் என்ற பட்டியல் இருக்கும். அனுப்புமுன் பெயர் நிரலையும் இலக்க நிரல்களையும் பூட்டிவிடுங்கள். யாராவது பெயர் நிரலை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிட்டால், எல்லோருக்கும் வேறு அப்பா அம்மா கிடைத்துவிடும்.