மாந்தர் பூசும் களிம்பும் பூனையின் உடலும்

நாம் உட்கொள்ளும் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தலாகாதென அறிந்தோரும், தோலின்மேற் பூசும் மருந்து தோலோடு நின்றுவிடும் என்றே கருதுகின்றனர். அக்கருத்துப் பிழைபட்டதென்பதை 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் வெளியிட்ட எச்சரிக்கையொன்று புலப்படுத்துகின்றது.

அஃது இரண்டு இல்லங்களில் வளர்ந்த ஐந்து பூனைகளைப் பற்றியது. அவ்வில்லத்தார் தசைநோவு, மூட்டுநோவு முதலியவற்றிற்காக ப்ளர்பிப்ரோபென் என்னும் மருந்து கலந்த களிம்பைத் தம் உடலிற் பூசிவந்தனர், பூனைமேற் பூசினாரல்லர். ஓரில்லத்தில் இரு பூனைகளின் சிறுநீரகம் செயலற்றது; அவை சிகிச்சையாற் பிழைத்தன. மற்றையில்லத்தில் இரு பூனைகள் உணவை வெறுத்துச் சோர்ந்து, வாந்தியெடுத்து, கரிய மலங்கழித்து, இரத்தங் குன்றி மாண்டன. உரியவர் அம்மருந்தை நிறுத்திய பின்னரும் மூன்றாவது பூனையொன்று இறந்தது. இறந்த பூனைகளைச் சோதித்தபோது அவ்வகை மருந்தின் நஞ்சுக்குரிய அடையாளங்கள் காணப்பட்டன.

மருந்து உட்புகுந்த வழி இன்னதென்று அவ்வெச்சரிக்கை அறுதியிட்டுரைக்கவில்லை. ஆயினும் பூனையின் நாவை ஐயுறாதிருத்தல் அரிது. விழித்திருக்கும் பொழுதில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கைப் பூனை தன்னை நக்கித் தூய்மை செய்வதிற் செலவிடும். அதன் நாவிலுள்ள முட்கள் நுனியிற் சிறு அகப்பைபோற் குழிந்து, உமிழ்நீரை அடிமயிர்வரை கொண்டு செல்வன என்பதை 2018-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆதலின் நம் கையிலிருந்தோ தலையணையிலிருந்தோ மயிரில் ஒட்டியது அதன் வயிற்றை அடைதல் எளிது.

இனி, சிறிதளவு மருந்து இத்துணைக் கேடு விளைத்தல் யாங்ஙனம்? இதுவே ஊன்றி நோக்கற்பாலது. நம் ஈரலானது, உடலுக்கு வேண்டாத பொருள் பலவற்றைக் குளூக்குரானிக் அமிலம் என்னும் ஒருவகைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து, நீரிற் கரையத்தக்கதாக்கி வெளியேற்றுகின்றது. அப்பிணைப்பைச் செய்யும் நொதிகளுள் ஒன்றை ஆக்கும் மரபணு பூனையினிடத்துச் சிதைந்து கிடக்கின்றது. வீட்டுப் பூனைக்கு மட்டுமன்று. சிங்கம் முதலிய பூனைக்குடும்பத்து விலங்குகளுக்கும் இக்குறை உண்டு. ஊனையே உண்டு வாழும் விலங்குக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் நொதி பயன்படாமையின் அது காலப்போக்கிற் கெட்டது என்பர் அறிஞர். கழுதைப்புலியினத்துள் ஒன்றினிடத்தும், கடல்வாழ் யானைச்சீலினிடத்தும் இத்தகைய சிதைவு காணப்பட்டமை அக்கருத்துக்கு வலியூட்டுகின்றது. ஆஸ்பிரினிலிருந்து பிறக்கும் சாலிசிலிக் அமிலம் நம் உடலிற் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும்; பூனையுடலிலோ அதற்கு ஒன்றரை நாளளவு செல்லும். நோவுத் தைலங்கள் பலவற்றிலுள்ள மெதில் சாலிசிலேட் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

எல்லாக் களிம்பும் இவ்வொரு வழியாற் கெடுப்பனவல்ல. தலைமயிர் வளரப் பூசும் மினாக்சிடில் இதயத்தைத் தாக்கி நுரையீரலில் நீர்கோக்கச் செய்யும். தோற்புற்றுக்கு இடும் ப்ளூரோயூராசில் மிகச் சிற்றளவிலேயே வலிப்பை எழுப்பிக் கொல்லும். நாய்க்கும் அது நஞ்சே. காளாஞ்சகப்படைக்குரிய கால்சிபோட்ரையால் இரத்தத்திற் கால்சியச் சத்தை மிகுத்துச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். நம் நாட்டிற் சொறிசிரங்குக்கு மிகுதியும் வழங்கும் பெர்மெத்ரின் பூனைக்கு ஓயாத நடுக்கத்தை உண்டாக்கும்.

களிம்பு பூசியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. பூசிய இடத்தை மூடிவைக்கலாமோவென மருத்துவரை வினவுக. பஞ்சையும் துணியையும் பூனைக்கு எட்டாதவாறு அகற்றுக. படுக்கைவிரிப்பைப் பெரும்பாலோர் மறந்துவிடுவர்; பூனையோ அதனை மறப்பதில்லை! மருந்து மயிரிற் பட்டதெனின் உடனே கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். உப்புநீர் புகட்டி வாந்தியெடுப்பித்தல் கூடாது. அவ்வுப்பே மற்றொரு நஞ்சாகும். களிம்புக் குழாயையும் உடன்கொண்டு செல்க. மருந்துக்கு மருந்து சிகிச்சை வேறுபடுமாகலின், மருத்துவர் முதலில் வினவுவது அதன் பெயரையே.