தாங்கிக்குப் போதும், வள்ளத்துக்குப் போதாது

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும் நீ வரைந்த ஃபைபர் வள்ளத்தின் படமும் கிடைத்தன. நடு அகலத்தைக் கொஞ்சம் கூட்டியதும் பக்கத்துப் பட்டியலில் பாதி வரிகள் சிவந்துவிட்டன, அணியத்து விளிம்பை உருட்டப் போட்ட ஃபில்லட் காணாமல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். மென்பொருளை மாற்றவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். மாற்றினாலும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் தடுக்கி விழுவாய். கோளாறு உன் கணினிக்குரியதல்ல, எண்ணை மாற்றினால் வடிவமும் மாறும் பாராமெட்ரிக் வகை மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதன் காரணத்தை விளங்கிக்கொண்டால், எதை அவற்றிடம் ஒப்படைக்கலாம், எதை உன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது தெளிந்துவிடும்.

பாராமெட்ரிக் மாதிரியின் இதயத்தில் இருப்பது வடிவம் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது அந்த வடிவத்தைச் செய்யும் முறை. இந்தத் தளத்தில் ஸ்கெச் போடு, இவ்வளவு உயரத்துக்கு எக்ஸ்ட்ரூட் செய், இந்த விளிம்பை உருட்டு என்று வரிசையாகக் கட்டளைகள். நீ ஓர் எண்ணை மாற்றினால், அந்த எண்ணைத் தொட்ட கட்டளையிலிருந்து கீழே உள்ளவற்றையெல்லாம் அது மறுபடி செய்து பார்க்கிறது. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறப்பவை.

பலத்தைப் பார்க்கத் திருகோணமலைச் சீனக்குடாவுக்குப் போ. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் அங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். அப்படி ஒரு தாங்கியை வரைய உனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டாம். ஒரு வட்டம், அதை உயர்த்த ஓர் எக்ஸ்ட்ரூட், உள்ளே குடைய ஒரு ஷெல். விட்டம், உயரம், தகட்டுத் தடிப்பு என்று மூன்று எண்கள் போதும். விட்டத்தை மாற்றினால் கூரையும் அடித்தளமும் தாமாகவே பின்தொடரும். 1963இல் ஐவன் சதர்லாந்து தன் ஸ்கெச்பாட் ஆய்வில் கோடுகளுக்கிடையே கட்டுப்பாடுகளை வைத்துக் காட்டினார். 1988இல் பி.ரி.சி. (PTC) நிறுவனத்தின் ப்ரோ எஞ்சினியர் அந்த எண்ணத்தை முப்பரிமாணக் கட்டளைப் பட்டியலாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1995இல் சொலிட்வேர்க்ஸ் அதைச் சாதாரண மேசைக் கணினிக்கு இறக்கியது. இவற்றின் முதல் வாடிக்கையாளர்கள் இயந்திர உறுப்புச் செய்பவர்கள். கடைசல் இயந்திரத்திலும் துளையிடும் இயந்திரத்திலும் பிறக்கும் பொருள்களுக்கு வட்டமும் நேர்கோடும் தட்டையான முகமுமே எழுத்துகள். தாங்கியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வள்ளம் சேராது.

இனி உன் ஃபில்லட்டுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீ திரையில் ஒரு விளிம்பைத் தொட்டு "இதை உருட்டு" என்றாய். உனக்கு அது அணியத்து விளிம்பு. மென்பொருளுக்கோ அது இன்ன கட்டளையால் பிறந்த இத்தனையாவது விளிம்பு. ஒருவருக்கு வீட்டு வழி சொல்லும்போது "கோயிலைத் தாண்டி மூன்றாவது ஒழுங்கை" என்று சொல்கிறோம் அல்லவா? இடையில் புதிதாக ஓர் ஒழுங்கை திறந்தால், வழி கேட்டவர் நாம் சொன்னபடியே நடந்து வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். நீ அகலத்தைக் கூட்டியபோது ஒரு முகம் இரண்டாகப் பிரிந்தது, இலக்கங்கள் நகர்ந்தன, ஃபில்லட் தன் விளிம்பைத் தொலைத்தது. சிவந்து நின்றது உன் நல்லகாலம். சில வேளை அது வேறு விளிம்பில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும், பிழை வள்ளத்தின் அச்சு செய்யும் நாளில்தான் வெளிப்படும். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட்டின் பயனர்கள் பல ஆண்டுகள் முறையிட்ட சிக்கல் இதுவே. 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பில்தான் பெருமளவு பரிகாரம் கிடைத்தது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இதை நன்றாகச் சமாளிக்கின்றன, ஆனாலும் முற்றாக வென்றதாகச் சொல்ல முடியாது. எனவே ஸ்கெச்சுகளை ஏற்கெனவே செய்த முகங்களின் மேல் போடாதே, நீயே பெயரிட்ட தளங்களின் மேல் போடு. ஃபில்லட்டுகளைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளு. எதுவும் ஃபில்லட்டைப் பிடித்துத் தொங்கக்கூடாது.

இரண்டாவது எல்லை வளைவு. வள்ளத்தின் பக்கப் பலகை நீளவாக்கிலும் வளைகிறது, மேலிருந்து கீழாகவும் வளைகிறது. நீ குறுக்குவெட்டுகளை வரைந்து, அவற்றை இணைத்துப் பரப்பாக்கும் லொஃப்ட் கட்டளையைக் கொடுத்தாய். அந்த வெட்டுகளில் வடிவம் நீ சொன்னபடி நிற்கும், இரண்டு வெட்டுகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பது மென்பொருளின் ஊகம். அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத புடைப்பும் குழிவும் ஒளிந்திருக்கும். தோணி கட்டும் மேஸ்திரியார் விலாச்சட்டங்களான வங்குகளின் மேல் மெல்லிய சிம்பு ஒன்றைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்ப்பார். மரம் தனக்குச் சிரமம் குறைந்த வளைவையே எடுக்கும், சரியில்லாத வங்கு உடனே பிடிபடும். கணினியின் வளைகோட்டுக் கணிதம் கப்பல் வரைபவர்களின் அதே சிம்பிலிருந்து வந்ததுதான் என்றாலும், லொஃப்ட் கட்டளைக்கு அந்தக் கண் இல்லை. வளைவின் ஏற்ற இறக்கத்தை நிறத்தால் காட்டும் வசதி உன் மென்பொருளில் இருக்கும், அதைத் திறந்து நீதான் பார்க்கவேண்டும்.

இந்த வளைபரப்புகளை வெட்டி ஒட்டும்போது இன்னொரு தொல்லை வருகிறது. இரண்டு தளங்கள் வெட்டினால் நேர்கோடு. இரண்டு திசையிலும் மூன்றாம் படி கொண்ட இரண்டு வளைபரப்புத் துண்டுகள் வெட்டினால், அந்தக் கோட்டின் படி 324 வரை போகலாம். அதை எந்த மென்பொருளும் உள்ளபடி எழுதி வைப்பதில்லை. குறித்த துல்லியத்துக்குள் அடங்கும் ஒரு கிட்டத்தட்டக் கோட்டை வைத்துக்கொள்கிறது. அப்படிப் பல கிட்டத்தட்டக் கோடுகள் சந்திக்கும் மூலையில் ஃபில்லட் கேட்டால் அது திணறுவதில் வியப்பில்லை. ஷெல் கட்டளையும் இப்படித்தான். வெளித்தோல் உள்நோக்கி வளையும் இடத்தில் அதன் ஆரை நீ கேட்கும் தடிப்பைவிடச் சிறிதானால், உட்தோல் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும், கட்டளை தோற்கும்.

ஷெல் வென்றாலும் உன் வேலை முடியாது. அது எங்கும் ஒரே தடிப்பைத் தரும். அச்சுக்குள் ஜெல்கோட் பூசி, கண்ணாடியிழை மேட் விரித்து, ரெசின் ஊற்றி உருட்டுபவர்களைக் கவனி. அடியில், ஏரா ஓடும் கோட்டில், மேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கனக்கின்றன. இயந்திரம் மாட்டும் பின்பலகையில் வேண்டுமென்றே கூடுதலாகப் போடுகிறார்கள். கூரிய மூலையில் மேட் படியாமல் எழும்பும், கீழே காற்று தங்கும். உன் மாதிரியில் இதற்கெல்லாம் இடமில்லை. நீ தனியாக எழுதி வைத்தால்தான் உண்டு.

அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. சொலிட்வேர்க்ஸ் உட்படப் பல மென்பொருள்கள் பாராசொலிட் என்ற கணக்கு இயந்திரத்தின் மேல் நிற்கின்றன. அதன் உலகம் ஒரு கிலோமீற்றர் பக்கமுள்ள கனசதுரம். அதற்குள் மீற்றரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை அது பிரித்தறியும். வள்ளத்துக்கு இது தாராளம். ஆனால் கொட்டியாரக் குடாவையும் உட்துறைமுகத்தையும் ஒரே கோப்பில் வைத்துச் சரியளவில் வரையலாம் என்று நினைக்காதே. அது நிலஅளவை மென்பொருள்களின் வேலை.

அடுத்தது, மாதிரியை இன்னொருவருக்குக் கொடுப்பது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. எச்.எம்.எஸ். திருகோணமலை என்ற அந்தக் கப்பலைப் பம்பாயில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா தேக்குமரத்தால் கட்டினார், 1817 ஒக்டோபர் 12இல் நீரில் இறக்கினார்கள். இலண்டனிலிருந்து முதலில் அனுப்பிய வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கர் பிடித்து அழித்துவிட்டதால், இரண்டாவது பிரதி அனுப்பவேண்டியிருந்தது. அந்தத் தாள்கள் வந்து சேர்ந்ததும் பம்பாயில் வேலை நடந்தது. தாளில் வடிவமே இருந்தது, அதைப் படிக்க வரைந்தவரின் மேசையோ கருவியோ தேவைப்படவில்லை. உன் மாதிரியை வேறு மென்பொருள் வைத்திருப்பவருக்கு அனுப்ப ஸ்டெப் கோப்பாக மாற்றும்போது வடிவம் மட்டும் போய்ச் சேரும். கட்டளைப் பட்டியலும் நீ வைத்த எண்களும் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். பெறுகிறவருக்கு அது பேசாத கட்டி. எனவே ஒவ்வொரு கோப்போடும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிவை. எந்த எண்கள் முதன்மை, எவை அவற்றிலிருந்து வருபவை, ஏன் அப்படி வைத்தாய் என்று அதில் இருக்கட்டும்.

கடைசியும் பெரியதுமான எல்லை பாரம். 1944 ஆகஸ்ட் 8இல் திருகோணமலைத் துறைமுகத்தில், மிதக்கும் கப்பற்றளம் ஒன்று வேலியன்ற் என்ற போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட தளம் தன் அடித்தாங்கிகளிலுள்ள நீரை இறைத்து எழும். கப்பலின் பாரம் எங்கே எவ்வளவு இருக்கிறதோ, அதற்கேற்ற ஒழுங்கில் இறைக்கவேண்டும். வேலியன்ற் வெடிபொருள் நிறைத்து நின்றது, இறைத்த ஒழுங்கு அந்தப் பாரத்துக்குப் பொருந்தவில்லை. தளம் முதுகு முறிந்து மூழ்கியது. கப்பல் மிதந்து தப்பியது, ஆனால் அதன் புரொப்பெல்லர்களும் சுக்கானும் அடிபட்டன. நீள அகலத்தில் கப்பல் தளத்துக்குள் அடங்கியே இருந்தது. அளவை மட்டும் காட்டும் எந்தப் படமும் அன்று ஆபத்தைக் காட்டியிருக்காது.

உன் வள்ளத்தின் பின்பலகையில் 25 குதிரைவலு இயந்திரத்தை அழகாக வைத்திருக்கிறாய். அதை வைத்ததும் பின்பக்கம் எவ்வளவு தாழும் என்று மாதிரி சொன்னதா? பொருளின் அடர்த்தியைக் கொடுத்தால் பாரமையத்தைக் கணக்கிட்டுத் தரும். நீர்மட்டம் எங்கே நிற்கும், அலையில் எப்படிச் சாயும் என்பது வேறு கணக்கு, அதற்கு மாக்ஸ்சர்ஃப், டெல்ஃப்ட்ஷிப் போன்ற கப்பல் வடிவமைப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. நீ அகலத்தைக் கூட்டினாய். நீர்மட்டப் பரப்பு சாய்வைத் தடுக்கும் வலு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். பத்தில் ஒரு பங்கு அகலம் கூடினால் அந்த வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே அகலம் எரிபொருளையும் கூடத் தின்னும். எது நல்லது என்று பட்டியலில் எந்த வரியும் உனக்குச் சொல்லாது. நாளாந்தம் கடலுக்குப் போகிறவர் சொல்வார்.

இப்போது செய்யவேண்டியது இதுதான். பழைய கோப்பை அப்படியே வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. நீளம், நடு அகலம், ஆழம் என்ற மூன்றை மட்டும் முதன்மை எண்களாக வை. வெட்டுத் தளங்களுக்குப் பெயரிடு. வள்ளத்தின் தோலை வளைபரப்பு மென்பொருளில் தனியாகச் செப்பனிட்டுக் கொண்டுவா. இருக்கை, இயந்திரத் தாங்கு, துளைகள் ஆகியவற்றை மட்டும் பட்டியலில் ஃபீச்சர் கட்டளைகளாகச் செய். பிறகு ஒவ்வொரு முதன்மை எண்ணையும் கூட்டியும் குறைத்தும் பார், எந்த எல்லையில் மாதிரி முறிகிறது என்று குறித்துக்கொள். அந்தக் குறிப்பையும் கோப்போடு சேர்த்து அனுப்பு. படம் அழகாக இருக்கிறதா என்று நான் பார்க்கமாட்டேன், அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிப்பேன்.

இப்படிக்கு,
அன்பு மாமா